கை உள்ளே, மூச்சு வெளியே

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், வீட்டில் கண்ணாடி வேலை செய்துவரும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் மூன்று குழுக்கள் சாண்ட் பிளாஸ்ட் தொழிலுக்குக் கடன் கேட்டு மனு வைத்தார்கள். மூன்று மனுவையும் நான் படித்துப் பார்த்தேன். கம்ப்ரசர் இருந்தது, கன் இருந்தது, ஸ்டிக்கர் வெட்டும் மிஷின் இருந்தது. தூசியைப் பிடிக்கிற பெட்டி ஒரு மனுவில்கூட இல்லை. "இதைப் பற்றி நீயே அடுத்த கூட்டத்தில் சொல்லிடும்மா" என்று தலைவி அக்கா சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பூஜை அறைக் கதவுக் கண்ணாடியில் குத்துவிளக்கு, பிள்ளையார், தாமரை எல்லாம் வெள்ளையாகப் பனி படிந்த மாதிரி தெரியும் இல்லையா, அது பெயிண்ட் இல்லை. கண்ணாடி மேல் ஸ்டிக்கர் ஒட்டி, படம் வர வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றோடு சேர்த்துத் தூளை வேகமாக அடிப்போம். தூள் பட்ட இடம் அரித்து வெள்ளையாகிவிடும். ஸ்டிக்கரை உரித்தால் படம் நிற்கும். வீட்டு வாசலில் பதிக்கிற கிரானைட் பெயர்ப் பலகையும் இதே வேலைதான். அதற்கு ஸ்டிக்கருக்குப் பதில் ரப்பர் ஷீட் ஒட்டுவோம், காற்று அழுத்தம் கூடுதலாக வைப்போம். கைத்திறன் பெரிதாக வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். வீட்டில் இருந்தபடியே செய்யலாம். அதனால் நம் பெண்களுக்கு நல்ல தொழில் என்றுதான் நானும் சொல்வேன்.

தொல்லை எங்கே வருகிறது என்றால், அடித்த தூள் எங்கே போகிறது என்ற இடத்தில். கன்னை ஒரு நிமிடம் அழுத்தினால் வாசல் முழுவதும் வெள்ளை. காய வைத்த துணியில் இருக்கும், மாடியில் காய்கிற வற்றல் வடகத்தில் இருக்கும், தொட்டிலில் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்கு வருவார்கள், வருவதும் நியாயம்தான். உடனே எல்லோரும் செய்கிற முதல் வேலை என்ன தெரியுமா? நான்கு மூங்கில் நட்டு, சுற்றிலும் தார்பாய் கட்டி, கூடாரம் போட்டு, அதற்குள்ளே போய் நின்றுகொண்டு அடிப்பது. வாசல் சுத்தமாகிவிடும், பக்கத்து வீட்டுச் சண்டை நின்றுவிடும். ஆனால் வெளியே பரவிப் போன தூசி எல்லாம் இப்போது யாரைச் சுற்றி நிற்கிறது? நம்மைச் சுற்றித்தான். ஒரு கண்ணாடி முடிவதற்குள் கூடாரத்துக்குள் நம் கையே நமக்குத் தெரியாது. திறந்த வாசலில் அடிப்பதைவிட அது மோசம். இன்று நான் சொல்ல வந்ததில் இதுதான் முக்கியம். தூசியை அடைக்க வேண்டும், ஆனால் நம்மையும் சேர்த்து அடைக்கக் கூடாது. கை உள்ளே இருக்கலாம். மூக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

தூசின்னா என்ன, தும்மினா போயிடும்னு நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற தூசி அப்படித்தான், மூக்கிலேயே நின்றுவிடும், சளியோடு வந்துவிடும். கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாத பொடி. தலைமுடி ஒன்றின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது கீழே படியப் பல மணி நேரம் ஆகும். நாம் வேலை முடித்து, வாசல் பெருக்கி, சோறு ஆக்கும்போதும் காற்றில் மிதந்துகொண்டு இருக்கும். நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பொடி ஆற்று மணலில் இருந்து வந்தது என்றால் இன்னும் மோசம். ஆற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. அது நுரையீரலில் தங்கினால் அந்த இடம் தழும்பு கட்டிக் கல்லாகிப் போகும். அந்த நோய்க்குப் பெயர் சிலிகோசிஸ். தழும்பைக் கரைத்துக் குணமாக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் அது வளர்ந்துகொண்டே போகலாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தூசி போனால் பத்து, பதினைந்து வருடம் கழித்துத் தெரியும். மணல் வீச்சு மாதிரி அளவுக்கு மீறிப் போனால் இரண்டு மூன்று வருடத்திலேயே மூச்சு வாங்கும். சிலிகோசிஸ் வந்தவர்களுக்கு டி.பி. எளிதில் தொற்றும். நுரையீரல் புற்றுநோயும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் இந்தச் சிலிக்கா தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வேறு ஊர்ப் பெண்களின் அனுபவம் ஒன்று நமக்குப் பாடமாக இருக்கிறது. குஜராத்தில் கம்பாத் என்று ஓர் ஊர். அங்கே அகேட் என்கிற கல்லைச் சாணை பிடித்து மணி, மாலை செய்வது பழங்காலத் தொழில். தொழிற்சாலை இல்லை, வீட்டு வாசலிலேயே சாணைச் சக்கரம் வைத்து ஆணும் பெண்ணும் செய்கிற வேலை. அகேட் முழுக்க முழுக்கச் சிலிக்கா. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்கே போய் ஆராய்ந்தது. சாணை பிடித்தவர்களுக்குச் சிலிகோசிஸ் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. சாணையைத் தொடாத வீட்டு ஆட்களுக்கும், அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் நோய் கண்டது. வீட்டில் செய்கிற தொழில் என்றால் வீட்டில் எல்லோரும் செய்கிற மாதிரிதான் ஆகிறது.

இன்னொன்று துருக்கி நாட்டுக் கதை. ஜீன்ஸ் துணி புதிதாக இருந்தாலும் பழசாக வெளுத்துப் போன மாதிரி தெரிய வேண்டும் என்று ஒரு நாகரிகம் வந்தது. அதற்காகத் துணி மேல் மணலை அடித்தார்கள். சின்னச் சின்ன அறைகள், கதவு ஜன்னல் சாத்தியபடி, கிராமத்தில் இருந்து வேலைக்கு வந்த வாலிபப் பிள்ளைகள். சில வருடத்திலேயே மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், பலர் இறந்து போனார்கள். 2009-ல் துருக்கி அரசு துணிக்கு மணல் அடிப்பதைத் தடை செய்தது. அந்த மூடிய அறையும் நம்முடைய தார்பாய்க் கூடாரமும் ஒன்றுதானே?

பிரிட்டனில் 1949-லேயே வார்ப்பு இரும்பைச் சுத்தம் செய்ய மணல் அடிக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். நம் நாட்டிலும் 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில், டாக்டர் கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிகோசிஸ் இருந்தது. ஆனால் நம் வாசலுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப் போவதில்லை.

சரி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

முதலில் கன்னில் போடுகிற பவுடர். ஆற்று மணல், கடல் மணல், எம் சாண்ட் எதுவும் வேண்டாம். சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும். மணல் ஒரு தடவை அடித்ததும் நொறுங்கித் தூசியாகிவிடும், மறுபடி பயன்படாது. அலுமினியம் ஆக்சைடு என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடிக்கு 100, 120 நம்பர் சரியாக இருக்கும். நம்பர் ஏற ஏறத் தூள் மெலிசு. இல்லையென்றால் கார்னெட். அது நம் தென்கோடிக் கடற்கரை மணலில் கிடைக்கும் சிவப்புக் கல்தான், மணல் வேறு, இது பிரித்தெடுத்த கல் வேறு. இந்த இரண்டும் கெட்டியானவை, சீக்கிரம் நொறுங்காது. பெட்டிக்குள் அடித்தால் கீழே சேர்ந்ததை அள்ளித் திரும்பத் திரும்பப் போடலாம். திறந்த வாசலில் அடிக்கிறவர்களுக்கு மூட்டைப் பவுடர் மண்ணோடு போகிறது. நமக்கு அதே மூட்டை பல தடவை சுற்றி வரும். பெட்டிக்குப் போட்ட பணம் அதிலேயே திரும்பும் என்பது என் கணக்கு.

காற்று அழுத்தம் கண்ணாடிக்கு 40 பவுண்டு போதும். கூட்டினால் வேலை வேகமாக நடக்கிற மாதிரி தெரியும், ஆனால் ஸ்டிக்கர் ஓரம் கிழியும், பவுடரும் நொறுங்கித் தூசி கூடும்.

இப்போது பெட்டி. கடைகளில் இரும்புப் பெட்டியாகவே விற்கிறார்கள், நல்ல பொருள்தான். ஆனால் நம்மில் பாதிப் பேர் வாடகை வீடு, மீதிப் பேருக்கு ஒரே கூடம். நாள் முழுக்க அதை வைக்க இடம் ஏது? அதனால் வேலை முடிந்ததும் மடித்துச் சுவரில் சாத்தி வைக்கிற மாதிரி செய்துகொள்ளலாம்.

ஊரில் வெல்டிங் பட்டறையில் முக்கால் அங்குல சதுரக் குழாயில் நான்கு சட்டம் அடித்துத் தரச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் மூன்றடி அகலம், பக்கத்துக்கு இரண்டடி அகலம், உயரம் எல்லாம் இரண்டடி. நான்கையும் மூலைக்கு மூலை கீல் வைத்து வளையமாகச் சேர்த்துவிட்டால், விரித்தால் பெட்டி, அமுக்கினால் ஐந்தடி நீளத்துக்குத் தட்டையாகப் படுத்துவிடும். எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே அளவாக இருந்தால்தான் படுக்கும், பட்டறைக்காரரிடம் அதை அழுத்திச் சொல்லுங்கள். முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் இரண்டரை அடியில் கால். நின்றுகொண்டு செய்ய அது வசதி. குள்ளமானவர்கள் உங்கள் இடுப்பு உயரத்துக்குக் காலைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தோள் வலிக்கும்.

சட்டத்துக்குச் சுவர், கனமான தார்பாய். கம்பியால் கட்டாதீர்கள், இடைவெளி விழும். இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு இறுக்கவும். கீல் வருகிற நான்கு மூலையிலும் தார்பாயை ஒரே துண்டாக மடித்துச் சுற்ற வேண்டும், மூலையில் வெட்டி ஒட்டினால் அங்கேதான் முதலில் தூசி வெளியே வரும். கன் நேராகப் பார்க்கிற பின் சுவரில், தார்பாய்க்கு முன்னால் பழைய லாரி டியூபை வெட்டித் தொங்கவிடுங்கள். இந்தக் காற்றுத் தூள் தார்பாயை நான்கே நாளில் ஓட்டையாக்கிவிடும், ரப்பரை ஒன்றும் செய்யாது. கெட்டியான பொருள்தான் அரிக்கும், மெத்தென்று இருக்கிறதில் தூள் பட்டு எகிறிப் போய்விடும். கல்லுக்கு ரப்பர் ஷீட் ஒட்டுவதும் அதனால்தான்.

அடியில் தார்பாயையே புனல் மாதிரி தைத்து, நான்கு பக்கமும் கொக்கியில் மாட்டவும். புனல் வாயில் ஒரு வாளி, வாளிக்கும் புனலுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் ரப்பர் பட்டையால் கட்டவும். மேலே மூடி, ஒட்டுப் பலகையில். விளிம்பு முழுவதும் கதவுக்கு ஒட்டுகிற ஸ்பாஞ்சு பட்டை ஒட்டி, நான்கு பக்கமும் பெட்டிக்குப் போடுகிற கொண்டி வைத்து இறுக்கலாம். கண்ணாடியை மூடி வழியாக இறக்குவோம். உள்ளே நிறுத்த ஒரு கம்பி வலை மேடை. தூள் வலை வழியாகப் புனலுக்குப் போய்விடும்.

முன் சட்டத்தில்தான் நமக்கு வேலை. மேல் பாதியில் பார்க்க ஒரு கண்ணாடி. அதுவும் நாளடைவில் வெள்ளையாகும், அதனால் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி, மங்கினால் ஷீட்டை மட்டும் மாற்றவும். கீழ்ப் பாதியில் கைக்கு இரண்டு ஓட்டை. ஆறு அங்குல பி.வி.சி. பைப்பைச் சாண் நீளத்துக்கு இரண்டு துண்டாக அறுத்து, பலகையில் பொருத்தி, தோள் வரை நீளமான கனத்த ரப்பர் கையுறையின் வாயை அதன் மேல் இழுத்து கிளிப் போட்டு இறுக்கிவிட்டால் முடிந்தது. பாத்திரம் கழுவுகிற கையுறை தாங்காது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் உங்கள் தோள் அகலம் இருக்கட்டும். மேலே ஓர் எல்.இ.டி. விளக்கு, பெட்டிக்கு வெளியே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் நல்லது.

இவ்வளவும் செய்து, உறிஞ்சி இல்லாமல் விட்டால் பிரயோஜனம் இல்லை. கன் உள்ளே காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அந்தக் காற்று எப்படியும் வெளியே வந்தே தீரும். சந்து பொந்து வழியாகத் தூசியோடு நம் முகத்துக்கு வருவதா, நாம் சொல்கிற வழியில் போவதா என்பதுதான் கேள்வி. ஒரு பக்கச் சுவரில் நான்கங்குலக் குழாய் வைத்து அதைப் புளோயர் மோட்டாருக்குக் கொண்டு போங்கள். கன் தள்ளுகிற காற்றைவிடப் பல மடங்கு அது இழுக்க வேண்டும். எதிர்ப் பக்கச் சுவரில் நல்ல காற்று நுழைய ஒரு சின்ன ஓட்டை, அதில் ஸ்பாஞ்சு. உறிஞ்சுகிற குழாய்க்கு முன்னால் உள்பக்கம் ஒரு தகரத் தடுப்பு வைக்காவிட்டால் நல்ல பவுடரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். புளோயருக்கு அடுத்து ஆலைகளில் தூசி பிடிக்கப் பயன்படுத்துகிற கம்பளி மாதிரிப் பில்டர் பை. பை வீட்டுக்கு வெளியே, கிணறும் ஜன்னலும் இல்லாத பக்கம் இருக்க வேண்டும். வீடு கூட்டுகிற சாதாரண வாக்குவம் கிளீனரை இதற்குப் போடாதீங்க. பெரிய தூசியைப் பிடித்துக்கொண்டு, நுரையீரலுக்குப் போகிற மெல்லிய பொடியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் படித்தவர்கள் யாரும் வர வேண்டாம். புளோயரைப் போட்டதும் தார்பாய்ச் சுவரைப் பாருங்கள். உள்பக்கம் குழிந்து நிற்க வேண்டும். வயிறு உப்பின மாதிரி வெளியே தள்ளினால் தூசி வெளியே வருகிறது என்று அர்த்தம், அப்போது அடிக்கக் கூடாது. இரண்டாவது, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி மூலை, மூடி விளிம்பு, கையுறைப் பைப் எல்லாம் காட்டிக்கொண்டே வாங்க. புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே விலகுகிற இடத்தில் ஸ்பாஞ்சு வையுங்கள். வாரத்துக்கு ஒரு தரம் இதைச் செய்தால் போதும். ஊதுபத்தி தார்பாயில் படாமல் பார்த்துக்கொள்ளவும், தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. காய்ந்த தூள் வேகமாகத் தார்பாயில் உரசும்போது நிலை மின்சாரம் சேரும், கையில் சுருக்கென்று அடிக்கும். ஆபத்து பெரிதில்லை, ஆனால் திடுக்கிட்டுக் கன்னைத் திருப்பிவிடுவோம். சட்டத்தில் இருந்து ஒரு செம்புக் கம்பி எடுத்து எர்த் கொடுத்துவிட்டால் போயிற்று. கம்ப்ரசரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வையுங்கள்.

அடித்து முடித்ததும் உடனே மூடியைத் திறக்காதீர்கள். புளோயர் ஓடட்டும், ஐந்து நிமிடம் பொறுத்துத் திறங்கள். பவுடரைச் சலிக்க வேண்டும் என்றால் சல்லடையையும் பெட்டிக்குள் வைத்துக் கையுறை வழியாகவே சலித்துவிடுங்கள். வெளியே முறத்தில் போட்டுப் புடைத்தால் இத்தனை நேரம் பட்ட பாடு வீண்.

மடிக்கிற பெட்டியில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடிக்கும்போது வராத தூசி மடிக்கும்போது வரும். ஜமுக்காளத்தை உதறுகிற பழக்கம் நமக்கு. புனலைக் கழற்றியதும் கை தானாக உதறப் போகும். உதறவே கூடாது. மடிப்பதற்கு முன் முகத்தில் என்-95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். நம் எல்லோருக்கும் 2020-ல் கொரோனா வந்தபோது பழகின மாஸ்க்தான். முந்தானையை மூக்கில் கட்டுவதோ, கைக்குட்டையோ இந்தப் பொடியை நிறுத்தாது. உள்பக்கம் முழுவதும் ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தண்ணீர் வாளியில் போட்டு அலசி, அந்தத் தண்ணீரைச் செடி இல்லாத ஓரத்தில் குழி வெட்டி ஊற்றவும். புனலை உள்பக்கமாகவே சுருட்டி ஒரு சாக்கில் போட்டுக் கட்டவும். ஈரம் காய்ந்த பிறகே சட்டத்தை அமுக்கி மடிக்கவும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். வாசலை விளக்குமாற்றால் கூட்டாமல் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். வேலைக்கு என்று ஒரு நைட்டி வைத்துக்கொண்டு, அதைத் தனியாகத் துவைத்து, குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். தினமும் இதற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியையும் கூலியில் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். நாம் சொல்வதில்லை, அதுதான் குறை.

போன தடவை ஓர் அக்கா கேட்டார்கள், "பெட்டி மூன்றடி, கதவுக் கண்ணாடி ஆறடி, எப்படிம்மா உள்ளே போகும்?" என்று. நல்ல கேள்வி. கூடாரம் போடுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற காரணமும் இதுதான். பின் சட்டத்தின் தார்பாயையும் டியூபையும் கழற்றிவிடுங்கள். சட்டத்தின் விளிம்பில் இரண்டங்குல மொத்தத்தில் ஸ்பாஞ்சு ஒட்டுங்கள். பெரிய கண்ணாடியைப் பின்னால் பலகை தாங்கலோடு செங்குத்தாக நிறுத்தி, பெட்டியை அதோடு சேர்த்து அழுத்தினால் கண்ணாடியே பின் சுவராகிவிடும். புளோயர் இழுக்கிற இழுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பகுதி முடிந்ததும் ஐந்து நிமிடம் விட்டு, பெட்டியை நகர்த்தி அடுத்த பகுதி. கூடாரத்தில் ஒரு மணியில் முடிகிற வேலை இதில் ஒன்றரை மணி ஆகும். ஆகட்டுமே.

கூடாரத்துக்குள்ளேயே நின்றுதான் ஆக வேண்டும் என்றால் வெளிக்காற்றுக் குழாய் உள்ள தலைக்கவசம் வேண்டும். அந்தக் காற்றை நம் எண்ணெய்க் கம்ப்ரசரில் இருந்து எடுக்கக் கூடாது, எண்ணெய்ப் புகையும் விஷக்காற்றும் கலந்து வரும். அதற்குத் தனி பம்ப், தனி பில்டர் உண்டு. வீட்டுத் தொழிலுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே அந்த வேலையை எடுக்காமல் இருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

கல் வேலை செய்கிற குழுவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கண்ணாடித் தூளும் நல்லதில்லை என்றாலும் சிலிகோசிஸ் உண்டாக்குகிற வகைச் சிலிக்கா அதில் இல்லை. கிரானைட் அப்படி இல்லை. கருப்புக் கிரானைட்டில் குவார்ட்ஸ் குறைவு, சிவப்பிலும் சாம்பல் நிறத்திலும் அதிகம். நீங்கள் எவ்வளவு நல்ல பவுடர் போட்டாலும் கல்லே அரிபட்டுச் சிலிக்கா தூசியாக வரும். கண்ணாடிக்குப் பெட்டி வேண்டும் என்றால் கல்லுக்குப் பெட்டி இல்லாமல் தொடவே கூடாது. அதே போல் பழைய இரும்பு கேட்டில் பெயிண்ட் எடுக்கச் சொல்லிச் சில பேர் வருவார்கள். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு நம் நாட்டில் கட்டுப்பாடு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பெயிண்ட் தூசியில் ஈயம் இருக்கும், அது சின்னப் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும்.

ஏற்கெனவே சில வருடமாக மணல் போட்டு அடித்துக்கொண்டு இருக்கிறவர்கள் இங்கே யாராவது இருந்தால், பயப்பட வேண்டாம், அரசு மருத்துவமனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் கட்டாயம் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், "நான் மணல் அடிக்கிற வேலை செய்றேன், இத்தனை வருஷமா செய்றேன்" என்று. சிலிகோசிஸ் எக்ஸ்ரேயில் டி.பி. மாதிரியே தெரியும். தொழில் என்னவென்று சொல்லாவிட்டால் வெறும் டி.பி. என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். "வீட்டு வேலைதான் பார்க்கிறேன்" என்று சொல்கிற பழக்கம் நம்மை விட்டுப் போகணும்.

கடைசியாகக் கடன் மனு விஷயம். கம்ப்ரசர், கன், மிஷின் இவற்றோடு சட்டம், தார்பாய், கையுறை, புளோயர், பில்டர் பை, ஒரு பெட்டி மாஸ்க் எல்லாவற்றுக்கும் பட்டறையிலும் கடையிலும் விலைச் சீட்டு வாங்கி ஒரே மதிப்பீடாக எழுதுங்கள். "அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் அந்த அப்புறம் வராது. கன் வந்த மறுநாளே ஆர்டர் வரும், வாசலில் அடிக்க ஆரம்பித்துவிடுவோம். கடன் தொகை கொஞ்சம் கூடுகிறதே, தவணை கூடுமே என்று பிரதிநிதிகள் தயங்கலாம். மூன்று குழுவும் சேர்ந்து ஒரே பட்டறையில் மூன்று பெட்டி செய்யச் சொன்னால் பேரம் பேசலாம். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு பெட்டியை முறை வைத்தும் பயன்படுத்தலாம், ஆனால் கையுறைக்குள் போட அவரவர் துணிக் கையுறை தனியாக இருக்கட்டும். குழுத் தீர்மானப் புத்தகத்தில் "பெட்டியும் உறிஞ்சியும் வந்த பிறகே தொழில் தொடங்கப்படும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மனுவைக் கொடுத்தால், கூட்டமைப்பில் நானே முன்னின்று பேசுகிறேன்.

என்னுடைய பெட்டியை மினி வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். வெளியே வேப்பமரத்தடியில் விரித்து வைக்கச் சொல்லி இருக்கிறேன், கூட்டமைப்பு அலுவலகத்தில் இருந்து கரண்ட் இழுத்திருக்கிறார்கள். சாப்பாடு முடிந்ததும் வாங்க. ஆளுக்கு ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு தருகிறேன், கையை உள்ளே விட்டு உங்கள் பெயரின் முதல் எழுத்தை நீங்களே அடித்துப் பாருங்கள். ஊதுபத்தியும் எடுத்து வந்திருக்கிறேன்.